சியோல் 1986: பழைய பேப்பர் பக்கங்கள் யாரிடமாவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. 1986 சியோல் ஆசியப் போட்டி பற்றி அப்போது வந்த தமிழ் நாளிதழ், வார இதழ்ப் பக்கங்கள் தேவை. பி.டி. உஷா 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 4×400 தொடர் ஓட்டம் என 4 தங்கம் வென்ற போட்டி அது. இந்தியாவுக்கு மொத்தமே 5 தங்கம்தான்; மற்றொன்று மல்யுத்தத்தில் கர்த்தார் சிங். 100 மீட்டரில் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா முந்தினார், உஷாவுக்கு வெள்ளி. அழுகை வந்தது, ஆனால் லிடியாவையும் பிடித்துப்போனது. வெளிநாட்டு வீரர்கள் மேல் எனக்குப் பிரியம் வந்தது அன்றுதான்.

அப்பா வெட்டி ஒட்டித் தந்த நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. மகள் இப்போது பள்ளியில் தடை ஓட்டம் ஓடுகிறாள்; அவளுக்காக அதை மறுபடி செய்ய ஆசை. ஃபோனில் எடுத்த படமே போதும், மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள். எந்த நூலகத்தில் தேடலாம் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.