ராஸ்பெரி பை 4 பலகையில் பௌதிக முகவரி அளவை அறிவது எப்படி?

வணக்கம். மண்டபம் கடற்கரையில் கடல்மட்ட உணரியோடு இயங்கும் 8 ஜிபி ராஸ்பெரி பை 4 பலகையில் (சிறு கணினி), செயலியின் பௌதிக முகவரி (நினைவகத்தின் உண்மையான இடத்தைச் சுட்டும் எண்) எத்தனை பிட் என்பதைப் பயனர் நிரலிலிருந்து அறிய முடியாமல் இரண்டு வாரமாகத் தவிக்கிறேன். கார்டெக்ஸ் ஏ72 செயலி, 64 பிட் லினக்ஸ்.

என் இன்டெல் மடிக்கணினியில், செயலியின் விவரங்களை லினக்ஸ் தரும் சிபியூஇன்ஃபோ கோப்பு ‘39 பிட் பௌதிகம், 48 பிட் மெய்நிகர்’ என்று தெளிவாகச் சொல்கிறது. அதை நம்பித்தான் நினைவகச் சோதனைக் கருவியை எழுதினேன். பலகையிலோ அந்த வரியே இல்லை, செயலி விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையும் அதைக் காட்டவில்லை. செயலியின் ரெஜிஸ்டர்களைப் படிக்கும் எம்ஆர்எஸ் கட்டளையால், நினைவக வசதிகளைச் சொல்லும் எம்எம்எஃப்ஆர்0 ரெஜிஸ்டரைப் படித்தால், பௌதிக முகவரி அளவைக் குறிக்கும் கடைசி 4 பிட்டும் 0 என வருகின்றன. 0 என்றால் 32 பிட், அதாவது 4 ஜிபி. 8 ஜிபி உள்ள பலகைக்கு அது பொருந்தவே பொருந்தாது, ஏ72 செயலிக்கு உரியதும் 44 பிட். லினக்ஸின் மையமான கெர்னல் அந்த 4 பிட் புலத்தைப் பயனர் நிரல்களுக்கு மறைத்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. பௌதிக முகவரிகளின் பட்டியலான ஐஓமெம் கோப்பு, பொருத்தப்பட்ட நினைவகம் எங்கே முடிகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

கெர்னல் மாட்யூல் (கெர்னலுக்குள் ஏற்றப்படும் துணை நிரல்) எழுதலாம். ஆனால் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் உள்ள பலகைகளில் ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்குப் பின்னும் அதை மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கும்.

மாட்யூல் இல்லாமல், பயனர் நிரலிலிருந்தே இந்த அளவைச் சரியாகப் படிக்க வழி உண்டா?