உணவு மாதிரியைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள், முடிவை யாராவது சொன்னார்களா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடி உப்போடை:

2021 மார்ச் கடைசி. இலங்கையில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரிந்தது, விரிவாகச் சொல்லவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுட எண்ணெய் வாங்கும் நேரம். மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். குளிப்பாட்டுமுன் அவனுக்குப் பூசுவதும், மசித்த சோற்றில் ஒரு சொட்டு விடுவதும் ஒரே கடையில் அளந்து வாங்கும் எண்ணெய்தான்.

நான் அரைப் போத்தல் வாங்கிக் கையில் பிடித்திருந்தபோது பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். அதே பீப்பாயிலிருந்து மூன்று போத்தல்களில் எண்ணெய் எடுத்தார். வாயைத் துணியால் கட்டி, நூல் சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அவருடைய பொறுப்பில். அரக்கு வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது.

"முடிவு எப்போது தெரியும் ஐயா?" என்று கேட்டேன். "பிழை இருந்தால் வழக்குப் போடுவோம் தங்கச்சி" என்றார். "பிழை இல்லாவிட்டால்?" என்றேன். அவர் படிவத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையை யாரும் அவரிடம் கொடுத்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த அரைப் போத்தலைச் சமையலுக்கு எடுக்கவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. இரண்டு மாதம் குசினி மூலையில் நின்றது. கடைசியில் சாமி விளக்குக்கு ஊற்றி எரித்தேன். அதற்கு முந்திய மாதங்களில் பிள்ளைக்குக் கொடுத்த எண்ணெய் எப்படிப்பட்டது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முத்திரை வைத்து எடுத்துப் போன பொருளின் முடிவை யாருக்காவது சொல்லியிருக்கிறார்களா?

பாண்டிருப்பு ஆசிரியர்:

எனக்கு முடிவு வரவில்லை, ஏனென்றால் மாதிரியே எடுக்கப்படவில்லை. கோயில் திருவிழா நேரம் வீதியோரம் விற்ற ரோசா நிற இனிப்பு. மகள் தின்றுவிட்டு, என் வெள்ளை வேட்டியில் கையைத் துடைத்தாள். வீட்டில் மூன்று முறை துவைத்தோம். நிறம் போகவில்லை. அவளுடைய நாக்கு மறுநாள் காலையிலும் அதே நிறம். உணவுக்கான நிறம் என்றால் ஒரு துவைப்பில் வெளுத்திருக்கும் என்று மனைவி சொன்னாள். அவள் தையற்காரி, சாயத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, விற்பனை தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். அதற்கு முன்பே புதுச்சேரியில் தடை வந்துவிட்டது. அங்கே மாதிரி எடுத்தார்கள், சாயத்தின் பெயரைச் சொன்னார்கள், தடையையும் அறிவித்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது வேட்டியை எடுத்துப் பார்த்தேன். கறை அப்படியே இருந்தது.

வெளிநாடுகளில் இப்படி நடக்காது. ஒரு பொருள் கடைக்கு வருமுன் அரசாங்கம் ஆராய்ந்து, முடிவை மக்கள் முன் வைக்கும். எங்களிடம் அது இல்லை.

அக்கரைப்பற்றுக் கடைக்காரன்:

கல்லடிச் சகோதரிக்கு: நீங்கள் எண்ணெயைப் பற்றி எழுதினீர்கள். அந்தக் கடைக்காரர் என்ன ஆனார் என்று ஒரு வரி எழுதவில்லை. மூன்றில் ஒரு போத்தல் அவர் கையில் இருந்தது. அதை எங்கே வைத்துப் பாதுகாத்தார், எத்தனை இரவு நித்திரை இல்லாமல் கிடந்தார் என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரியும், நானும் கிடந்தேன்.

2020. மஞ்சள் இறக்குமதி நின்று, விலை எங்கோ போய்விட்டது. லொறியில் கொண்டுவந்த ஒருவரிடம் ஐந்து கிலோ மஞ்சள்தூள் வாங்கினேன். பற்றுச்சீட்டு இல்லை, பைக்கு லேபலும் இல்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். பி.எச்.ஐ. மாதிரி எடுத்தார். மாதங்கள் போயின. பிறகு நீதிமன்ற அழைப்பாணை வந்தது. அரிசி மா கலந்திருந்ததாம். குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் கட்டினேன். லொறிக்காரரின் இலக்கத்தை நான் கொடுத்தேன், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தத் தூள் எங்கே அரைக்கப்பட்டது, எத்தனை கடைகளுக்குப் போனது, யார் யார் தின்றார்கள் என்று கேட்பார் இல்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்று. ஒரு நாள் மகள் பாடசாலையிலிருந்து வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே வாசலில் நின்று, "வாப்பா, நீங்கள் மஞ்சளில் மா கலந்தீர்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது பத்து வயது. நான் கலக்கவில்லை என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

எனவே வெளிப்படுத்துங்கள் என்று கேட்பவர்கள், கடைசியில் நிற்கும் கடைக்காரனின் பெயரோடு நிறுத்திவிட வேண்டாம். இறக்குமதி செய்தவர், அரைத்தவர், பொதி செய்தவர் என்று சங்கிலி முழுவதும் வெளியே வரட்டும்.

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

என் அனுபவம் சிறியது. 2018 இல் ஒரு வெதுப்பகத்தின் சுகாதாரப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுத் தகவலறியும் சட்டத்தில் விண்ணப்பித்தேன். பன்னிரண்டாம் நாள் பிரதி கையில் கிடைத்தது. சுவரில் பல்லி எச்சம், மா மூட்டைகள் ஈரத் தரையில், என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். அந்தப் பாணை நான் வருடக்கணக்காக வாங்கியிருக்கிறேன்.

இப்போது கல்லடித் தங்கச்சிக்குச் சொல்கிறேன், மற்றவர்களும் வாசியுங்கள். பி.எச்.ஐ. பதில் சொல்லவில்லை என்று விட்டுவிடாதீர்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படிதான் அவர் மாதிரி எடுக்கிறார். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பிரதான உணவு அதிகாரி சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். ஆகவே அந்த முடிவு ஓர் அரச ஆவணம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், தகவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் அதற்கெனக் குறிக்கப்பட்ட மேலதிகாரியிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கேள்வியைக் குறுக்கி எழுதுங்கள், அதுதான் முக்கியம். "எண்ணெய் பற்றிய விபரம்" என்று எழுதினால் ஒரு சுற்றறிக்கையைத் தந்து அனுப்பிவிடுவார்கள். "2021 மார்ச் இறுதி வாரத்தில் இன்ன பிரிவில் எடுக்கப்பட்ட தேங்காய் எண்ணெய் மாதிரிகள் எத்தனை, ஒவ்வொன்றின் ஆய்வறிக்கையின் பிரதி, தவறியவை மீது எடுத்த நடவடிக்கை" என்று மூன்று கூறாகக் கேளுங்கள். வியாபார இரகசியம் என்று சொன்னால், பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அந்த விலக்கு நிற்காது என்று அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவைக் காட்டுங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்காமல் கதிரையை விட்டு எழும்ப வேண்டாம். விலை, லேபல் பற்றிய முறைப்பாடு என்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. எந்த அழைப்பாக இருந்தாலும் திகதியைக் குறித்து வையுங்கள்.

வாழைச்சேனை, இப்போது நியூஜேர்சி:

பாண்டிருப்பு ஆசிரியர் அண்ணனுக்கு: வெளிநாடுகளில் இப்படி நடக்காது என்று எழுதினீர்கள். நான் இங்கே உறைந்த உணவு பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை செய்தேன். ஒரு நாள் கலவைப் பகுதிக்கு வெளிறிய மஞ்சள் மா ஒன்று புதிதாக வந்தது. என்ன தாவரம் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளைக் காட்டினார். அதில் பாதுகாப்பானது என்று எழுதியிருந்தது. யார் சொன்னது என்றேன். விற்ற நிறுவனமே நிபுணர்களை வைத்துத் தீர்மானித்தது என்றார். அரசாங்கத்துக்குத் தெரியுமா என்றேன். "தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை" என்றார். என் இரண்டு கையும் முழங்கை வரை அந்த மாவில் இருந்தன.

அவர் சொன்னது உண்மை. 1958 இல் அமெரிக்கா உணவுச் சேர்மானங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என்று சட்டம் செய்தபோது, பொதுவாகப் பாதுகாப்பானவை என்று ஏற்கப்பட்ட பொருட்களுக்கு விலக்குக் கொடுத்தது. உப்பு, வினாகிரி போன்றவற்றுக்கு அது நியாயம்தான். ஆனால் எது அப்படிப்பட்டது என்பதை நிறுவனமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்துவிட்டது. அதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு அறிவிப்பது விருப்பத்துக்குரியது என்று 2016 இன் விதியும் உறுதிசெய்தது. நிறுவனம் அறிவித்தால் நிர்வாகத்தின் இணையத்தளத்தில் எவரும் வாசிக்கலாம். அறிவிக்காவிட்டால் அப்படி ஒரு பொருள் இருப்பதே அரசுக்குத் தெரியாமல் போகலாம்.

2022 இல் பருப்புச் சேர்த்த ஓர் உறைந்த உணவைத் தின்று நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். ஈரல் பாதித்தவர்கள், பித்தப்பையை அகற்ற நேர்ந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். தாரா என்ற தென்னமெரிக்க மரத்தின் விதை மா மீது சந்தேகம் விழுந்தது. அது அனுமதியில்லாத சேர்மானம் என்று நிர்வாகம் சொன்னது 2024 மே மாதம்தான். சிவப்பு 3 என்ற உணவுச் சாயத்தின் கதையைக் கேளுங்கள். எலிகளில் புற்றுநோய் கண்டு 1990 இல் அழகுசாதனப் பொருட்களிலிருந்து நீக்கினார்கள். உணவில் அதற்கான அனுமதியை இரத்துச் செய்தது 2025 ஜனவரியில். உதட்டில் பூசக் கூடாது என்ற சாயத்தைப் பிள்ளைகள் முப்பத்தைந்து வருடம் தின்றார்கள்.

இது எங்கள் நாட்டுக்குச் சாட்டு இல்லை. அங்கே முத்திரை வைத்த போத்தலாவது இருக்கிறது. அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

காத்தான்குடி ராத்தா:

எல்லோரும் கிடைக்காததையே எழுதுகிறீர்கள். எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். என் உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சீனி வருத்தம். நோன்பு திறக்கும் நேரம் பேரன் ஒரு குளிர்பானப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தான். உம்மா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்பு வட்டத்தில் விரலை வைத்து, "இது எனக்கு வேண்டாம் மகன், பச்சை வட்டம் உள்ளதைக் கொண்டுவா" என்றார். 2016 இல் வந்த விதி அது. நூறு மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. கிளினிக்கில் தாதி ஒரே ஒரு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார். உம்மாவின் விரல் அந்த வட்டத்தைத் தேடிப் போனதை நான் மறக்க மாட்டேன்.

எழுதுவினைஞர் ஐயா சொன்ன விண்ணப்பம் நல்லதுதான். ஆனால் என் உம்மா விண்ணப்பம் எழுதித்தான் தன் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? மாதிரியின் முடிவையும் இந்த வட்டம் போல, கேளாமலே கண்ணில் படும்படி கடை வாசலில் ஒட்ட என்ன தடை?

வந்தாறுமூலை மாணவி:

ராத்தா சொன்னதே என் கருத்தும். வேறு ஒன்றுக்காகவும் எழுதுகிறேன். எண்ணெயில் நஞ்சு இருக்கிறதா என்று அறிய, தண்ணீர்க் குவளையில் அதை ஊற்றிப் பார், குளிரூட்டியில் வைத்துப் பார் என்று எங்கள் வீட்டு வட்சப்பிலும் வந்தது. மாமி அப்படிப் பார்த்துவிட்டு, எண்ணெய் நன்றாக உறைகிறது, பயமில்லை என்று என்னிடம் காட்டினார். சந்தோசமாக இருந்த அவருடைய முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அஃப்ளாடொக்சின் நன்றாகக் காயாத கொப்பராவில் பிடிக்கும் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. நிறமில்லை, மணமில்லை, சாதாரணச் சமையல் சூட்டில் அழியாது. பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுகளில் பேசப்படுவது. கருவி இல்லாமல் அதை எவராலும் காண முடியாது. அதனால்தான் ஆய்வுகூடத்தின் தாள் வீட்டுக்காரருக்குத் தேவைப்படுகிறது.

கல்லடி உப்போடை:

அக்கரைப்பற்று நானாவுக்கு: நீங்கள் சொன்ன பிறகு அந்தக் கடைக்குப் போனேன். அவர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். போத்தலைப் பற்றிக் கேட்டேன். மேல் தட்டில், ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து மகன் எடுத்துக் காட்டினான். அரக்கு வெடித்திருக்கிறது, நூல் அப்படியே இருக்கிறது. வழக்கு வரவில்லை, முடிவும் வரவில்லை, எறியலாமா என்று யாரும் சொல்லவும் இல்லை என்றான்.

எழுதுவினைஞர் ஐயா, மூன்று கூறாக எழுதி நேற்றுப் பணிமனையில் கொடுத்தேன். சீட்டைத் தந்துவிட்டார்கள். எடுத்த திகதி என்ன என்று கேட்டார்கள். போத்தலில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். பதினான்கு வேலைநாள் என்பது போயாவையும் ஞாயிறையும் விட்டுத்தானே எண்ண வேண்டும்?