வலிமை குறைந்திருந்தும் உங்கள் அணியிலிருந்து நீங்காத போக்கிமோன் எது?

கடலோரம், பட்டர்வொர்த்:

நண்பர்களுக்கு வணக்கம். நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். போக்கிமோன் விளையாட்டின் எந்தப் பதிப்பைத் தொடங்கினாலும், குவாக்சைர் என்னும் போக்கிமோன் அதில் கிடைக்கும் என்றால், அணியின் ஆறு இடங்களில் ஒன்றை அதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுவது என் வழக்கம். நீல உடலும் புள்ளி போன்ற சிறு கண்களும் அகன்ற வாயுமாக, மழை விட்ட பிறகு வாய்க்கால் ஓரத்தில் நின்று எதையோ மறந்துவிட்டதைப் போல அது பார்க்கும் பார்வை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சென்ற பள்ளி விடுமுறையில் கெப்போங்கிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகன் என் அணியைப் பார்த்துவிட்டு, "சித்தி, இதனுடைய உயிர், தாக்குதல், காப்பு, வேகம் போன்ற அடிப்படைப் புள்ளிகளைக் கூட்டினால் 430தான் வருகிறது, 600 உள்ளவை இருக்கும்போது இதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். அவனுடைய அணியில் டிராகனைட், டைரானிட்டார், கார்ச்சோம்ப் மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் கூட்டுத்தொகை 600. அவன் கணக்கில் பிழை இல்லை.

ஆனால் குவாக்சைர் செய்யும் வேலையை அந்தக் கூட்டுத்தொகை காட்டுவதில்லை என்பதுதான் நான் அவனுக்குச் சொல்ல முயன்றது. அது நீர், நிலம் என்னும் இரண்டு வகைகளையும் சேர்ந்தது. ஆகவே மின்சாரத் தாக்குதல் அதன்மேல் சிறிதும் செல்லாது, புல்வகைத் தாக்குதலைத் தவிர வேறு எதற்கும் அது கூடுதலாக அஞ்ச வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, 2010ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் தலைமுறை விளையாட்டுகள் முதல் அதற்குக் கிடைத்த 'அன்அவேர்' என்னும் மறைத்திறன். எதிரி 'சுவோர்ட்ஸ் டான்ஸ்' என்னும் வாள் நடனம் ஆடி, தன் தாக்கும் ஆற்றலை மூன்று சுற்றுகளில் நான்கு மடங்காக உயர்த்திக்கொண்டு வந்தாலும், அந்த உயர்வு எதுவும் நடக்காததைப் போலவே குவாக்சைர் அடியை வாங்கிக்கொள்ளும். வாங்கிய பின் 'ரிகவர்' செய்து பாதி உயிர்ப்புள்ளிகளை மீட்டுக்கொள்ளும். எதிரி செலவிட்ட மூன்று சுற்றுகளும் வீணாகிவிடும். என் அணியில் மற்ற ஐவரும் விழுந்துவிட்ட பின்னும் இது ஒன்றே நின்று ஆட்டத்தை மீட்டுக் கொடுத்த மாலைகள் பல உண்டு.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். அது எது, அதைப் போரில் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? 'பிடிக்கும்' என்பதோடு நிறுத்திவிடாமல் அது செய்யும் வேலையையும் எழுதினால், அவனிடம் படித்துக் காட்ட எனக்கு உதவியாக இருக்கும்.

தாப்பிர்ப் பிரியன், செந்தூல்:

வணக்கம் அக்கா. என் பதில் டிரவுசி. அதை ஹிப்னோவாக உருமாறவும் விடாமல் டிரவுசியாகவே வைத்திருப்பவன் நான்.

தொடக்கப்பள்ளியில் படித்தபோது எங்களைத் தேசிய விலங்குக் காட்சிசாலையான சூ நெகாராவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். அங்கேதான் முதன்முதலில் தாப்பிரைப் பார்த்தேன். முன்பாதி கறுப்பு, நடுவில் போர்வை போர்த்தியதைப் போல வெள்ளை, பின்னே மீண்டும் கறுப்பு. நீண்டு வளைந்த மூக்கால் இலையைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, அண்ணன் கொடுத்திருந்த பழைய கேம் பாயைத் திறந்தால், வெர்மிலியன் நகரத்துக்குக் கிழக்கே புல்வெளியில் அதே மூக்குடன் டிரவுசி எதிர்ப்பட்டது. மேற்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி வேறொரு நிறம். சப்பானியர் மரபில் கனவுகளைத் தின்னும் 'பாக்கு' என்னும் விலங்கு உண்டு. அவர்கள் மொழியில் தாப்பிருக்கும் அதே பெயர்தான். அந்த இரண்டையும் இணைத்துத்தான் இதை உருவாக்கியிருக்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் அறிந்துகொண்டபோது, நம் காட்டு விலங்கு ஒன்று அந்த விளையாட்டுக்குள் போய் அமர்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. நெடுஞ்சாலைகளில் வாகனம் மோதித் தாப்பிர்கள் இறக்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, விளையாட்டிலாவது அதை விட்டுவிட மனம் வரவில்லை.

இனி, வேலைக்கு வருகிறேன். இன்னும் உருமாறக்கூடிய நிலையில் உள்ள போக்கிமோனிடம் 'ஈவியோலைட்' என்னும் கல்லைக் கொடுத்தால் அதன் இருவகைக் காப்பும் 50 விழுக்காடு கூடும். அந்தக் கல்லை ஏந்திய டிரவுசி, காப்பு இரண்டிலும் ஹிப்னோவை முந்திவிடுகிறது. ஆனால் உயிர்ப்புள்ளிகளில் பின்தங்குகிறது. அதற்கு 'இன்சாம்னியா' என்னும் திறன் இருப்பதால் யாராலும் அதைத் தூங்க வைக்க முடியாது. அதே காரணத்தால் 'ரெஸ்ட்' மூலம் உறங்கி உடல் தேற்றிக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. எனவே அதன் மருந்து எதிரியின் தூக்கத்தில்தான் இருக்கிறது: முதலில் 'ஹிப்னாசிஸ்' கொண்டு தூங்க வைத்து, பிறகு 'டிரீம் ஈட்டர்' கொண்டு அடித்தால், கொடுத்த சேதத்தில் பாதி அதற்கு உயிராகத் திரும்பி வரும். ஹிப்னாசிஸ் பத்தில் ஆறு முறைதான் பலிக்கும் என்பது இதில் உள்ள பெரிய இடர். ஆகவே வலிமையாக அடிக்கும் எதிரியின் முன்னால் அதை இறக்க மாட்டேன். மந்திரம் போன்ற சிறப்புத் தாக்குதல்களை மட்டும் நம்பி வரும் எதிரியால், ஹிப்னாசிஸ் இரண்டு முறை தவறினாலும், டிரவுசியை வீழ்த்த முடியாது என்று கணித்த பிறகே களத்தில் விடுவேன். இந்தக் கணிப்பை எனக்குக் கற்றுக் கொடுத்ததே அதுதான்.

நான்காம் அடுக்கு, பிரிக்பீல்ட்ஸ்:

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். கதைப்பகுதியில் எதை வைத்து ஆடினாலும் வெல்லலாம். ஆளோடு ஆள் மோதும் போட்டியில் நிலைமை வேறு. குவாக்சைரை எதிர்கொள்பவர் 'டாண்ட்' என்னும் சீண்டலைச் செய்தால் ரிகவர் செய்யவே இயலாது. 'மோல்ட் பிரேக்கர்' உள்ள போக்கிமோன் முன்னால் அன்அவேரும் செயலற்றுப் போகும். புல்வகை அடி ஒன்று பட்டால் நான்கு மடங்கு சேதம், அதோடு முடிந்தது. உங்கள் அக்காள் மகன் போட்டிகளில் ஆட விரும்பினால், 600 புள்ளிக்காரர்களை அவன் தேர்ந்தெடுப்பதைத் தடுக்காதீர்கள்.

படகுத்துறை, ஆயர் ஈத்தாம்:

நான் மேஜிகார்ப்பைப் பற்றிச் சொல்ல வந்தேன். அணியில் அது நிற்கும் நாள்களைவிட, அதை வளர்க்கும் நாள்களே எனக்கு முக்கியம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சீனப் பெரியவர், நான் கையில் விளையாட்டுக் கருவியோடு ஐந்தடி நடைபாதையில் அமர்ந்திருப்பதைப் பார்த்து, திரையில் துள்ளும் அந்தச் சிவப்பு மீன் என்ன என்று மலாயில் கேட்டார். "துள்ளுவதைத் தவிர இதற்கு ஒன்றும் தெரியாது, அங்கிள், ஆனால் 20ஆம் நிலையில் பெரிய கடற்பாம்பு போல ஆகிவிடும்" என்றேன். அவர் உடனே, மஞ்சள் ஆற்றின் நீர்வீழ்ச்சியை எதிர்த்து நீந்தி, டிராகன் வாயிலைத் தாண்டிய கெண்டைமீன் டிராகனாக மாறிய பழைய கதையைச் சொன்னார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

1996இல் வந்த முதல் பதிப்புகளில், மூன் மலைக்கு அருகிலுள்ள நிலையத்தில் ஒருவர் அந்த மீனை 500 பணத்துக்கு விற்பார். அதற்குத் தெரிந்தது 'ஸ்பிளாஷ்' மட்டுமே, அதனால் எதிரிக்கு ஒரு கீறலும் விழாது. 15ஆம் நிலையில்தான் 'டாக்கிள்' என்னும் தாக்குதல் வரும். அதுவரை ஒவ்வொரு போரிலும் அதை முதலில் நிறுத்தி, உடனே வேறொன்றை மாற்றி, கிடைக்கும் அனுபவத்தில் ஒரு பங்கை அதற்குச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இப்போதைய பதிப்புகளில் அனுபவம் அணி முழுவதற்கும் தானாகவே பகிரப்படுவதால், இந்த உழைப்பு தேவைப்படுவதில்லை. விளையாட்டு எளிதானதில் எனக்கு வருத்தமில்லை. ஆயினும், கூட்டுத்தொகை 200 இருந்த ஒன்று ஒரே கணத்தில் 540 ஆகும்போது, அதன் ஒவ்வொரு படியையும் நான் கையால் ஏற்றிவிட்டேன் என்ற நிறைவு பழைய முறையில்தான் இருந்தது.

மேஜிகார்ப் உருமாறிக் கியாரடோஸ் ஆன பின் அதன் வேலை தெளிவானது. களத்தில் இறங்கியவுடன் 'இன்டிமிடேட்' திறனால் எதிரியின் தாக்கும் ஆற்றல் ஒரு படி இறங்கும். அந்த இடைவெளியில் 'டிராகன் டான்ஸ்' ஒரு முறை ஆடினால் தாக்கும் ஆற்றலும் வேகமும் சேர்ந்து உயரும். தோற்றம் டிராகனாக இருந்தாலும் வகை நீரும் பறத்தலுமே. மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு சேதம் என்பதை உங்கள் அக்காள் மகன் மறக்க வேண்டாம்.

இரட்டையர் ஆட்டம், செராஸ்:

ஆயர் ஈத்தாம் நண்பர் கடைசியாகச் சொன்ன குறையிலிருந்தே தொடங்குகிறேன். பிரிக்பீல்ட்ஸ் நண்பருக்கும் அதில் பதில் இருக்கிறது.

2014ஆம் ஆண்டு வாசிங்டனில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் வென்ற தென்கொரிய வீரர் செ சுன் பார்க் தன் அணியில் மெகா கியாரடோசையும் கார்ச்சோம்பையும் வைத்திருந்தார். அவற்றோடு பச்சிரிசு என்னும் சிறு அணிலையும் வைத்திருந்தார். அதன் கூட்டுத்தொகை 405, குவாக்சைரைவிடக் குறைவு. அந்த மேடையில் அதைக் கண்டவர்கள் வியந்தார்கள். ஆனால் அவர் அதை ஆசைக்காக மட்டும் கொண்டுவரவில்லை. போட்டியில் ஒரே நேரத்தில் இருவர் களத்தில் நிற்பார்கள். பச்சிரிசு 'ஃபாலோ மீ' செய்தால் எதிரியின் அடிகள் துணையை விட்டு அதை நோக்கித் திரும்பும். அதற்கு 'வோல்ட் அப்சார்ப்' திறன் இருப்பதால், திரும்பி வரும் மின்சார அடி சேதம் செய்வதற்குப் பதிலாக அதன் உயிர்ப்புள்ளிகளில் கால்பங்கை மீட்டுக் கொடுக்கும். பக்கத்தில் நிற்கும் கியாரடோஸ் எதற்கு அஞ்சுகிறதோ அதையே இது உணவாக்கிக்கொள்கிறது. அதற்குமேல் 'சூப்பர் ஃபேங்' இருக்கிறது. எவ்வளவு பெரிய எதிரியானாலும் அப்போது மீதமுள்ள உயிரில் பாதியை அது எடுத்துவிடும், அதற்குத் தாக்குபவரின் வலிமை கணக்கில் வராது. 600 புள்ளி உள்ள எதுவும் அந்த இடத்தில் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் நண்பர் காட்டிய ஆபத்துகள் மூன்றும் உண்மையானவை. நான் குவாக்சைரை இரட்டையர் ஆட்டத்தில் பயன்படுத்தினால், புல்வகையைச் சுட்டெரிக்க நெருப்பு வகை ஒன்றை அருகில் நிறுத்துவேன். டாண்ட் செய்யக்கூடியவரை முதல் சுற்றிலேயே கவனிப்பேன். பிடித்ததைத் தேர்ந்தெடுத்த பிறகு மீதி ஐந்து இடங்களையும் அதற்காக யோசிக்க வேண்டும் என்பதே என் முறை.

கடலோரம், பட்டர்வொர்த்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு தொலைபேசியில் அழைத்து அனைத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். பிரிக்பீல்ட்ஸ் நண்பர் எழுதியதைக் கேட்டதும் மிகவும் மகிழ்ந்தான், பச்சிரிசு வந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, "மின்சாரத்தைத் தின்று உயிர் ஏறுமா? நன்றாகப் படித்தீர்களா?" என்று இரண்டு முறை கேட்டான். மின்சாரம் தன்மேல் செல்லாது என்பது குவாக்சைருக்கும் பொருந்துவதால், அதை கியாரடோசின் பக்கத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவனுடைய அடுத்த கேள்வி. குவாக்சைருக்கு ஃபாலோ மீ தெரியாது என்பதால், அடிகளைத் தன் பக்கம் இழுக்க அதனால் இயலாது என்று சொன்னேன். எனினும், மின்சார அடி விழும் என்று தெரிந்த சுற்றில் கியாரடோசை உள்ளே அழைத்துக்கொண்டு, அதே இடத்தில் குவாக்சைரை இறக்கலாம் அல்லவா என்றான். அது சரியான விடைதான். வருகிற சனிக்கிழமை அவர்கள் பினாங்குக்கு வருகிறார்கள். கார்ச்சோம்பை எடுத்துவிட்டு குவாக்சைராக உருமாறும் வூப்பர் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பதாகவும், அது இப்போது 14ஆம் நிலையில் இருப்பதாகவும் சொன்னான். உருமாற இன்னும் ஆறு நிலைகள் இருக்கின்றன. செந்தூல் தம்பி, ஈவியோலைட் எந்தப் பதிப்பில் எளிதாகக் கிடைக்கும் என்பதையும் நேரம் இருந்தால் எழுதுங்கள். டிரவுசியை நானே வளர்த்துப் பார்க்க விரும்புகிறேன்.