துப்பாக்கி முனை நிரம்பவில்லை, கருகுகிறது: 4 கேவிட்டி பொம்மை மோல்டு

இடம் பெங்களூரு பீன்யா. 54 மி.மீ. சிப்பாய் பொம்மை, நான்கு போஸ், போஸுக்கு ஒரு கேவிட்டி (பொம்மை உருவாகும் குழி), பி20 ஸ்டீல் மோல்டு, உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் தள்ளும் 80 டன் மெஷின், பிளாஸ்டிக் எல்டிபிஇ (மென்மையான பாலிஎத்திலீன்). முதல் ட்ரையல் எடுத்து 3 வாரம். 2, 4-ஆம் கேவிட்டிகளில் மட்டும் துப்பாக்கியின் கடைசி 2 மி.மீ. நிரம்பவில்லை; நுனி கருகி வருகிறது. காற்று மாட்டிக்கொண்டு அழுந்திச் சூடாகி எரிக்கிறது, அதில் சந்தேகமில்லை.

பேரல் (பிளாஸ்டிக்கை உருக்கும் உருளை) சூட்டை 200-லிருந்து 225 டிகிரிக்கு ஏற்றினோம், கருகல்தான் கூடியது. இன்ஜெக்‌ஷன் வேகத்தைக் குறைத்தால் கருகல் போகிறது, முனை இன்னும் குட்டையாகிறது. பிரஷர் ஏற்றினால் மோல்டின் இரு பாதியும் சேரும் பார்ட்டிங் லைனில் பிசிறு. அங்கே 0.02 மி.மீ. வென்ட் (காற்று வெளியேறும் பள்ளம்) வெட்டியும் பலனில்லை. இந்த இரண்டு போஸிலும் துப்பாக்கி, ஸ்பார்க்கில் (மின்பொறியால் அரிக்கும் முறை) இறக்கிய குருட்டுக் குழிக்குள் போய் முடிகிறது. கேட் (பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாய்) அளவு நான்கிலும் ஒன்றே.

இதே பொம்மையின் பழைய மோல்டு பேன்டோகிராஃபில் (மாதிரியைத் தடவி அதேபோல் வெட்டும் மெஷின்) வெட்டி, துண்டு துண்டாகக் கோர்த்தது. இணைப்புகள் வழியே காற்று போய்விடும், இந்தத் தொல்லையே கிடையாது. புதியது சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) வெட்டிய ஒரே பிளாக்.

முனைக்குப் பக்கவாட்டில் 7 மி.மீ. தள்ளி கூலிங் லைன் (மோல்டைக் குளிர்விக்கும் தண்ணீர்த் துளை) ஓடுகிறது. அதைத் தொடாமல், வயர்கட் (மின்கம்பியால் அறுக்கும் முறை) போட்டு முனையில் இன்சர்ட் (தனியாகச் செருகும் துண்டு) பிரிப்பதா, 2 மி.மீ. வென்ட் பின் (காற்று போக இடம் விடும் ஊசி) இறக்குவதா: 1 லட்சம் ஷாட் (ஒரு முறை வார்ப்பது ஒரு ஷாட்) வரை அடைபடாமல் எது ஓடும்?