கும்பாபிஷேக மலர், தொகுப்பு நூல், தனி நூல்: ரெபரன்ஸ் எப்படிப் போடுவது?

கானாடுகாத்தான்காரன்

காரைக்குடியில் பிஎச்.டி. செய்கிறேன். பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் அனுப்பிய பணம் ஊர்க் கோயில் திருப்பணிக்கு எப்படி வந்தது என்பது தலைப்பு. ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். "நூல்களும் அத்தியாயங்களும் ஏபிஏ 7 முறைப்படி இல்லை" என்று ஒற்றை வரியோடு திருப்பிவிட்டார்கள். (ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை.) எது தப்பு என்று சொன்னால்தானே திருத்த முடியும்? கைடைக் கேட்டால் பதிப்பகத்துக்கு முன்னால் ஊர்ப் பெயர் கட்டாயம் வேண்டும் என்கிறார்.

என்னிடம் இருப்பவை: டேவிட் ரட்னர் நகரத்தார் பற்றி எழுதிய 1994 நூல் (கோயில் கொடை பற்றிய பகுதி மட்டும் எடுத்தேன்), ஆஸ்டினும் சுகிஹாராவும் தொகுத்த 1993 நூலில் ராஜேஸ்வரி பிரவுன் கட்டுரை, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றித் தர்ஸ்டன் எழுதிய நூலின் டெல்லி மறுபதிப்பு, அப்புறம் நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்றின் கும்பாபிஷேக மலர். மலரில் தொகுத்தவர் பெயர் இல்லை. ஆண்டும் "பிரபவ வருஷம் தை மாதம்" என்று மட்டும்தான் இருக்கிறது.

மேலவீதி

ஊர்ப் பெயர் ஏபிஏ 6 வரைக்கும் உண்டு. 2019-ல் வந்த 7-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். சிகாகோ என்கிற இன்னொரு மேற்கோள் முறையும் 2024-ல் வந்த 18-ஆம் பதிப்பில் ஊர் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. ஆய்வேட்டுக்குக் கைடு சொல்கிறபடி போடுங்கள், ஆய்விதழுக்கு எடுத்துவிடுங்கள். கைடோடு வாதாடி ஜெயித்து என்ன செய்யப்போகிறீர்கள்?

கோட்டையூர் ஆச்சி

தம்பி, கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்களிடம் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இடறியது ஒரே இடத்தில்தான். அத்தியாயம் என்றதும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள்.

தொகுப்பு நூல் என்பது ஒரே வளவில் ஆளுக்கொரு அடுப்பு வைத்துக்கொண்டு பல புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள், இருக்கிற வீடு. எந்தப் புள்ளி என்று சொன்னால்தான் ஆளைப் பிடிக்கலாம். ரட்னர் நூலில் முழு வீடும் ஒரே புள்ளி. அதனால் நூற்பட்டியலில் அத்தியாயத்துக்குத் தனி வரி கிடையாது. நூலை மட்டும் போடுங்கள். எந்த இடம் என்பதைக் கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் ரட்னர், 1994, அப்புறம் பக்க எண் என்று காட்டினால் போதும். முழு அத்தியாயத்தையும் சுட்டினால் பக்கத்துக்குப் பதில் அத்தியாய எண்.

பிரவுன் கட்டுரைக்குத்தான் நீளமான வடிவம். பிரவுன் பெயர், 1993, கட்டுரைத் தலைப்பு நேரெழுத்தில், மேற்கோள் குறி இல்லாமல். பிறகு 'இன்' (In) போட்டுத் தொகுப்பாசிரியர்கள். இங்கே கவனம்: முதலில் வருகிற ஆசிரியர் பெயர்தான் தலைகீழாகும், அதாவது குடும்பப் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால். தொகுத்தவர்களுக்கு ஜி. ஆஸ்டின், கே. சுகிஹாரா என்று இனிஷியல் முன்னால் வரும். பக்கத்திலேயே அடைப்புக்குறியில் 'எட்ஸ்.' (Eds., தொகுத்தவர்கள்), அப்புறம் நூல் தலைப்பு சாய்வெழுத்தில், கட்டுரை தொடங்கி முடியும் பக்கங்கள், கடைசியில் பதிப்பகம். உங்கள் கட்டுரை திரும்பியதற்குக் காரணம் இந்த வரியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

தர்ஸ்டன் நூல் 1909-ல் 7 தொகுதிகளாக வந்தது. நகரத்தாரைப் பற்றிய நாட்டுக்கோட்டைச் செட்டி என்ற பதிவு 5-ஆம் தொகுதியில் இருக்கிறது, ஆகவே தொகுதி எண் இல்லாமல் விடக்கூடாது. கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் அதன் ஆண்டைத்தான் முதலில் போட வேண்டும். மூல வெளியீடு 1909 என்பது வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள். கட்டுரைக்குள் வரும்போது 1909, சாய்கோடு, மறுபதிப்பு ஆண்டு. தலைப்புப் பக்கத்தில் உதவியவராக கே. ரங்காச்சாரி பெயரும் இருக்கும். அதை விழுங்கிவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு அது பிடிக்காது.

மலருக்கு வருவோம். அதுவும் தொகுப்பு நூல்தான். தொகுத்தவர் இல்லையென்றால் 'இன்' போட்டு நேரே மலரின் தலைப்புக்குப் போய்விடலாம். வெளியிட்ட திருப்பணிக் குழுவோ தேவஸ்தானமோ பதிப்பகத்தின் இடத்தில் வரும். ஆண்டில்தான் சூது. பிரபவ வருஷம் 1987 சித்திரையில் பிறந்தது. தை வரும்போது ஆங்கில ஆண்டு மாறி 1988 ஆகிவிடும். அறுபது ஆண்டுக்கு முந்தைய பிரபவ என்றால் 1928. விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். ரங்கூன் விலாசம் இருந்தால் பழையது, தொலைபேசியில் எஸ்.டி.டி. (வெளியூர் நேரடி அழைப்பு) எண் இருந்தால் புதியது. எது இருக்கிறது?

கானாடுகாத்தான்காரன்

ரொம்ப நன்றி ஆச்சி. ரங்கூன் ஒன்றுகூட இல்லை. மதுரைப் பாத்திரக்கடை, காரைக்குடி ஜவுளிக்கடை, எல்லாவற்றிலும் எஸ்.டி.டி. எண். 1988 தான். ஆனால் விளம்பரங்களுக்குப் பக்க எண் போடவில்லை, கட்டுரைகளுக்கு மட்டும் இருக்கிறது. நானே எண்ணிப் போடலாமா?

செக்காலை

ரெபரன்ஸ்களைச் சேமித்து வடிவமைக்கும் சோட்டரோ மென்பொருள் வைத்திருந்தால் பிரவுன் கட்டுரைக்கும் மலருக்கும் 'புக் செக்ஷன்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். 'புக்' என்று போட்டால் கட்டுரைத் தலைப்புக்கும் பக்கத்துக்கும் இடமே இருக்காது. தொகுத்தவர் பெயரைச் சேர்த்த பிறகு பக்கத்தில் இருக்கும் 'ஆத்தர்' என்பதை 'எடிட்டர்' ஆக்க மறக்காதீர்கள்.

கோட்டையூர் ஆச்சி

எண்ணாதீர்கள். அச்சில் இருக்கிற எண் எதுவோ அதுதான். அப்புறம், மலரின் தலைப்புப் பக்கத்தையும் அந்தக் கட்டுரையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி மலர்கள் பல நூலகப் பட்டியல்களில் ஏறுவதே இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) காட்டச் சொன்னால் கையில் இருக்கட்டும். சென்னைக்குப் போனால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் ஒருதரம் கேளுங்கள். அந்தச் சேகரிப்பு எங்கள் ஊரிலிருந்து போனதுதான்.