முகவிளக்கைச் சுற்றிப் பூட்டும் பட்டைக்கு ஒரு சொல் வேண்டும்

(கிழக்கிலங்கை ஊர்களிலிருந்து எழுதியவர்களின் உரையாடல். எழுதியவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.)

கல்லடியிலிருந்து:

மோட்டார் சைக்கிள் திருத்தும் வகுப்புக்கான செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஹெட்லைட்டைச் சுற்றி அழகுக்காகப் பூட்டுகிற குரோம் பட்டை இருக்கிறதே, வண்டியோடு வராமல் கடையில் தனியாக வாங்குவது, அதற்குச் சொல் கிடைக்கவில்லை. கராஜில் ரிங் என்கிறார்கள். வகுப்பில் அது சரிவராது. வட்ட விளக்கு வண்டிகளில் கண்ணாடியைப் பிடித்துவைத்திருக்கும் வளையம் ஏற்கெனவே ஒன்று உண்டு, அதன் திருகாணியைக் கழற்றினால் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்து கையோடு வந்துவிடும். அழகுப் பட்டை அதற்கு மேலே. "ரிங்கைக் கழற்று" என்றால் பிள்ளை எதைக் கழற்றுவான்? பிஸ்டன் ரிங் வேறு அடுத்த பாடத்தில் காத்திருக்கிறது.

ஆரையம்பதியிலிருந்து:

தம்பி, புதிதாக உருவாக்கவே தேவையில்லை. சூட்டு என்று வையுங்கள். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டி வருகிறதே, அங்கே சக்கரத்தின் விளிம்புக்குப் பெயர் சூட்டு, சக்கரத்துக்குப் பெயர் உருளி. மோட்டார் சைக்கிளை நாம் உந்துருளி என்று எழுதுவது அந்த உருளியை வைத்துத்தானே? உருளி வந்துவிட்டது, அதனோடு பிறந்த சூட்டு மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்? நெற்றியில் அணியும் பட்டமும் சூட்டு, சேவலின் கொண்டையும் சூட்டு. முகத்தில் பூட்டுகிற பட்டைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? கடினம் என்றால் வட்டை என்றும் சொல்லலாம், அதற்கும் சக்கர விளிம்பு என்ற பொருள் உண்டு.

சம்மாந்துறையிலிருந்து:

சேர், கோபிக்க வேண்டாம். எங்கள் பக்கம் வட்டை என்றால் வயல். "ஹெட்லைட் வட்டையைக் கழற்று" என்று எழுதினால் பொடியன் வயல்களைக் கண்காணிக்கும் வட்டைவிதானையைத் தேடிப் போவான். சூடு என்றால் வெட்டிய வேளாண்மையை, அதாவது நெற்பயிரை, குவித்து வைப்பது. சங்கப் புலவர்கள் நம்முடைய பெடியன்களை வயலுக்கே அனுப்பப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஹெட்லைட்டில் போடும் எச்4 பல்ப் 55, 60 வாட்டில் எரிகிறது, மலிவான பிளாஸ்டிக் பட்டையை நெருக்கிப் பூட்டினால் நெளிந்துபோகும். இதைச் சொல்ல வந்து "முகவிளக்குச் சூட்டினால் நெளிந்தது" என்று எழுதினால் வெப்பமா பட்டையா? ரிங் என்றே விடுங்கள். கடையில் கேட்டால் சாமான் கையில் வரவேண்டும், அதுதான் சொல்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

பூண். உலக்கையின் நுனியில் இடுவதும் பூண், உடம்பில் அணிவதும் பூண். ஒன்று காப்பு, மற்றது அழகு. இந்தப் பட்டை இரண்டு வேலையும் பார்க்கிறது, அல்லது பார்ப்பதாகச் சொல்லி விற்கிறார்கள். பல்சர் மாதிரி வண்டிகளில் விளக்கு வட்டமே இல்லை, அதனால் வளையம் என்று முடிகிற எந்தச் சொல்லும் அங்கே உதவாது. பூணுக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளே இருப்பதைப் பிடிவளையம் என்று சொல்லிவிட்டால் குழப்பமும் தீர்ந்தது.

ஆரையம்பதியிலிருந்து:

உலக்கைப் பூண் உலக்கையை வெடிக்காமல் காப்பது. உங்கள் பட்டை எதைக் காக்கிறது? அழகை மட்டும் பார்ப்பதானால் திருவாசி என்றே சொல்லலாமே, சாமி விக்கிரகத்தைச் சுற்றி நிற்பது, ஒளிக்கும் அதற்கும் உறவு உண்டு. திருவாசி என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

திருவாசியை மட்டும் வேண்டாம் ஐயா, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர், நமக்கு அந்த வழி இருக்கிறது. ஆனால் இரசாயனத்துக்குச் சொல் ஆக்குவதும் கராஜுக்குச் சொல் ஆக்குவதும் ஒன்றில்லை. இரசாயனச் சொல்லைப் பிள்ளை முதன்முதலில் புத்தகத்தில்தான் காண்கிறான். கராஜில் சாமானுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, நாம் அதனோடு மல்லுக்கட்டுகிறோம். தூய தமிழ் என்று சொல்லி எவரும் பேசாத சொல்லை வைத்தால் அது பரீட்சைத் தாளோடு செத்துப்போகும். இன்னொன்று, குறிப்பின் தலைப்பில் ஆஃப்டர்மார்க்கெட் என்பதை அப்படியே பெயர்த்து "பின்சந்தை உதிரிகள்" என்று போட்டிருக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து தூக்குங்கள். ஏதோ சந்தைக்குப் பின்னால் திருட்டுச் சாமான் விற்கிற மாதிரி இருக்கிறது. "வெளியே வாங்கும் உதிரிகள்" போதும்.

பூண் பற்றி: எனக்குப் பிடிக்கும். ஆனால் மாவை மில்லில் அரைத்து வளர்ந்த பிள்ளைக்கு உலக்கையே தெரியாது, பூண் எங்கே தெரியப்போகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

தெரியாததும் நல்லதுதான். வேறு பொருள் தலையில் இல்லாத சொல் குழப்பாது. சூட்டிலும் வட்டையிலும் நாம் பட்டது போதாதா?

கல்லடியிலிருந்து:

வியாழன் இரவாகிவிட்டது. பூணுக்கு நான்கு பேர், ரிங்குக்கு இரண்டு பேர், சூட்டுக்கு ஐயா ஒருவர். மற்றவர்கள் பதில் போடவில்லை, களைத்திருப்பார்கள். இப்படி எழுதியிருக்கிறேன்:

"பூணைப் பூட்டுமுன் பிடிவளையத்தின் திருகாணி இறுகியிருக்கிறதா என்று பார்க்கவும். ஒட்டும் பூண் என்றால், ஒட்டுமிடத்தில் படிந்த எண்ணெயையும் உப்பையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடவும். பூணின் விளிம்பு வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. பிடிவளையத்தை அசைத்திருந்தால், வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி வெளிச்சம் விழும் உயரத்தைச் சரிபார்க்கவும்."

வாசிக்க ஓடுகிறது. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் "கராஜில் ரிங் என்பார்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஆரையம்பதியிலிருந்து:

சரி, போடுங்கள். அகராதியில் சூட்டு இருக்கும்வரை நான் விடப்போவதில்லை. திருவாசிக் கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வரும்.

சம்மாந்துறையிலிருந்து:

கட்டுரை வரட்டும் சேர். உங்கள் வகுப்பில் படித்த பொடியன் என் கடைக்கு வந்து பூண் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். பில்லில் ரிங் என்றுதான் எழுதுவேன்.