ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, எந்த டாக்டரிடம் போவது?

கேட்டவர் (வயது 31):
கல்யாணமாகி எட்டு மாதம். முதல் நாளிலிருந்தே ஒரு நிமிடத்துக்குள் விந்து வந்துவிடுகிறது, சில நாள் உள்ளே போவதற்கு முன்பே. மனைவி ஒன்றும் சொல்வதில்லை, நான்தான் இப்போதெல்லாம் அவள் தூங்கிய பிறகு படுக்கப் போகிறேன். பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்த நம்பருக்குப் போன் செய்தால், கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றார்கள். 14,000 ரூபாய்க்கு லேகியம் சாப்பிட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

பதில் 1:
தம்பி, முதலில் அந்த லேகியத்தை நிறுத்துங்கள். கைப்பழக்கத்தால் நரம்பு தளராது, அந்தப் பயத்தை வைத்துத்தான் காசு பறிக்கிறார்கள். எனக்கு 38 வயது வரை நன்றாக இருந்து திடீரென்று இப்படி ஆனது, கூடவே கை நடுக்கம், படபடப்பு, எடையும் குறைந்தது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது, அதற்கு மருந்து எடுத்ததும் சில மாதத்தில் இதுவும் சரியானது. நடுவில் ஆரம்பித்தால் கண்டிப்பாகக் காட்ட வேண்டும். புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அழற்சி, விறைப்புக் குறைவு என்று வேறு காரணமும் இருக்கலாம்.

பதில் 2 (மனநல மருத்துவர்):
அரை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது வீடியோ பார்த்து வந்த கணக்கு. ஐந்து நாடுகளில் 500 ஜோடிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அளந்து 2005-ல் வந்த ஆய்வில் பாதிப் பேருக்கு 5.4 நிமிடத்துக்குள்ளேயே முடிந்திருந்தது. ஆனால் நீங்கள் சொல்வது வேறு. ஆரம்பத்திலிருந்தே, அநேகமாக ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள், அடக்கவும் முடியவில்லை, மனசும் கஷ்டப்படுகிறது என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. வரப்போகும்போது நிறுத்தி, அடங்கியதும் தொடரும் பயிற்சி, மரத்துப்போக வைக்கும் களிம்பு, டபாக்ஸிடின் போன்ற மாத்திரை. மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள், இதயக் கோளாறு இருப்பவர்களுக்கும் மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து. யூராலஜி (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்புப் பிரச்சினைகளைப் பார்க்கும்) டாக்டரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள்.

பதில் 3:
ஒரு மனைவியாகச் சொல்கிறேன். என் கணவர் இப்படித்தான் ஆறு மாதம் ஒதுங்கியே இருந்தார், என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் தனியாக அழுதுகொண்டிருந்தேன். அவளிடம் சொல்லிவிடுங்கள், அண்ணா.

கேட்டவர்:
இப்படி ஒரு கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே பேசுகிறேன். ஓபி சீட்டு போடும் இடத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டால்?

பதில் 1:
யூராலஜி என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி, மிச்சத்தை டாக்டரிடம் சொன்னால் போதும்.